சாக்கு வைத்து அடைத்த ஓட்டை

ஹோல் சா பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள், புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும் என்று நம் சங்கத்து ஆட்கள் என் பிராணனை வாங்கிவிட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் எந்த அளவுக்கு எந்த ஸ்பீடு, எந்தத் தகட்டுக்கு எந்தப் பல் என்றெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள் தம்பிகளா. அதெல்லாம் உங்கள் கையிலிருக்கும் போனிலேயே வருகிறது. போனில் வராத ஒரு சங்கதி என்னிடம் இருக்கிறது. அது உங்களுக்கு உபயோகப்படுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கு உபயோகப்படவில்லை.

தொழிலுக்குச் சம்பந்தமில்லாதவர்கள் யாராவது இந்தச் சங்க மலரைப் புரட்டினால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹோல் சா என்பது இரும்புக் கிண்ணம். விளிம்பு முழுக்கப் பல். நடுவில் வழிகாட்ட ஒரு சின்ன டிரில் பிட். மிஷினில் மாட்டி ஓட்டினால் தகட்டிலிருந்து வட்டமாக ஒரு வில்லையை அறுத்து எடுத்துவிடும். சாதாரண பிட்டால் போட முடியாத பெரிய ஓட்டைக்கு இதுதான். அவசரப்பட்டு ஓட்டினால் சூடேறிப் பல் போய்விடும். பல் எங்காவது சிக்கினால் மிஷினே திரும்பிக் கையை முறிக்கும். அவனியாபுரத்தில் என் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர்களில் மணிக்கட்டில் மாவுக்கட்டு போடாத ஆளே குறைவு. மெதுவா ஓட்டுடா, மெதுவா ஓட்டுடா என்று கத்திக் கத்தியே என் தொண்டை போனது. தொழில்நுட்பம் அம்புட்டுத்தான், முடிந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால், திருமங்கலம் தாண்டி ஒரு அரிசி ஆலையில் வேலை எடுத்திருந்தேன். அங்கே புதிதாக ஒரு சைலோ நிறுத்தியிருந்தார்கள். சைலோ என்றால் நெல் கொட்டி வைக்கும் உயரமான, வட்டமான தகட்டுத் தொட்டி. அதன் அடிப்பக்கம் சுற்றிலும் காற்றுக் குழாய் நுழைக்க நாலு அங்குல ஓட்டைகள் போட வேண்டும். நானும் கோரிப்பாளையத்துக் காதரும் போயிருந்தோம். காதர் நான் பட்டறை ஆரம்பித்த நாள் முதல் என்னோடு இருப்பவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அது என்னைத் திட்டுவதற்காகத்தான் இருக்கும்.

நாங்கள் வேலை செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே பழைய சைலோ ஒன்று நெல்லோடு நின்றது. உள்ளே ஈரம் ஏறி, மேல்பக்கம் நெல் கட்டிப்போயிருந்தது. அடியில் சுழன்று நெல்லை வெளியே இழுக்கும் இரும்புத் திருகு ஓட ஓட, கீழே காலியாகி, மேலே அந்தக் கட்டி மட்டும் பாலம் போல நின்றுவிட்டது. அதைக் கம்பால் குத்தி உடைக்க, லோடுமேன் செல்லப்பாண்டி மேல்மூடியைத் திறந்து உள்ளே இறங்கினான். இறங்கவே கூடாது. திருகு ஓடும்போது கனவில்கூட இறங்கக் கூடாது. ஆனால் அந்த ஆலையில் எல்லோரும் அப்படித்தான் இறங்குவார்கள். திருகை நிறுத்தினால் மறுபடி ஓட விடுவதற்கு நேரமாகுமாம். கட்டி உடைந்தது. அவனும் அதோடு சேர்ந்து உள்ளே போனான். மேலே நின்றவன் போட்ட கூச்சலில் திருகை நிறுத்துவதற்குள் செல்லப்பாண்டி நெஞ்சளவு நெல்லுக்குள் நின்றான்.

நெல்தானே, கையால் தள்ளிவிட்டு ஏறி வரலாமே என்று நினைப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். நெஞ்சைச் சுற்றி நெல் நின்றால், மூச்சை விடும்போது நெஞ்சு சுருங்குகிற இடத்தில் நெல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த மூச்சுக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்காது. அக்குளில் கயிறு போட்டு மேலிருந்து நாலைந்து பேர் இழுத்தார்கள். அவன் போட்ட அலறலில் இழுத்தவர்களே கயிற்றை விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் சோணை எங்களிடம் ஓடி வந்தான். செல்லப்பாண்டியின் கூடப்பிறந்த தம்பி, அதே ஆலையில் மூட்டை தூக்குகிறவன். ஆள் நல்ல வாட்டசாட்டம். வந்த வேகத்தில் என் காலில் விழப் பார்த்தான்.

"அண்ணே, தகட்ட வெட்டுங்கண்ணே! கீழ ஓட்டையப் போட்டு நெல்ல எறக்கி விடுங்கண்ணே! எங்கண்ணன் உள்ள கெடக்கான்ணே!"

ஆலை மேனேஜரும் பின்னாலேயே ஓடி வந்தார். "கேஸ் கட்டர் இருக்கு மேஸ்திரி. கதவு மாதிரி ஒரே வெட்டா வெட்டிருங்க. எம்புட்டு நேரம் ஆகப்போகுது?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பதற்றத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் உள்ளே பூராவும் நெல் தூசி புகையாக நின்றது. "தீப்பொறி ஒண்ணு பட்டாப் போதும் சார். மூடுன தொட்டி, குண்டு மாதிரி வெடிக்கும். வெடிக்கலைன்னாலும் நெல்லு புடிச்சுக்கிரும். உள்ள நிக்கிறவன உயிரோட வறுக்கவா சொல்றீங்க?" என்றேன். கிரைண்டரால் அறுக்கலாமே என்றதற்கும் அதே பதில்தான். மிச்சம் இருந்தது, தண்ணீர் ஊற்றி மெதுவாக ஓட்டினால் பொறி பறக்காத ஹோல் சா மட்டும். கார்பைடு பல் வைத்தது, நாலு அங்குலத்தில் உருப்படியாக ஒன்றுதான் கையில் இருந்தது. மெதுவாக ஓடுகிற மிஷினும் ஒன்றுதான்.

அடுத்த கேள்வி, எங்கே போடுவது? எல்லோரும் ஒரே இடத்தைத்தான் காட்டினார்கள். செல்லப்பாண்டி நின்றது ஆலை வாசல் பக்கத்துத் தகட்டை ஒட்டி. அங்கேயே போட்டால் அவனைச் சுற்றியுள்ள நெல் முதலில் இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. நான் பல வருஷமாக நெளிந்துபோன தொட்டிகளை நேராக்கிய ஆள். ஒரு பக்கமாக நெல்லை இறக்கினால் உள்ளே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மொத்த நெல்லும் அந்தப் பக்கம் சாய்ந்து ஓடிவரும். அங்கே நிற்கிறவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து நெல் அவன் தலைமேல் வந்து விழும். அடியில் திருகு செய்த அதே வேலையை நம் ஓட்டையும் செய்யும்.

அதனால் நாலு பக்கமும் போட வேண்டும். ஒவ்வொன்றையும் அறுத்த கையோடு சாக்கைச் சுருட்டித் திணித்து அடைத்துவிட வேண்டும். நாலும் ஆன பிறகு ஒரே நேரத்தில் நாலு சாக்கையும் உருவ வேண்டும். நெல் சமமாக இறங்கும், ஆள் நின்ற இடத்திலேயே நிற்பான். இதுதான் என் முடிவு. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

மற்ற பக்கங்களுக்கு நீட்டு வயர் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்; அப்போதைக்கு மிஷின் வயர் எட்டியது வாசல் பக்கம்தான். அங்கே ஆரம்பித்தேன். அது நெளிதகடு. மேடு மேடாக இருப்பதால் கிண்ணத்தின் பல் முழு வட்டத்துக்கும் ஒன்றாக உட்காராது, மேட்டில் மட்டும் கடிக்கும். ஒரு பல் சிக்கினால் மற்றதும் போகும், போனால் மாற்று கிடையாது. காதர் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் இரண்டு கையாலும் மிஷினைப் பிடித்து, முழங்கையை இடுப்பில் ஊன்றி, கடிக்கிறதா, விடுகிறதா என்று கையிலேயே கேட்டுக்கொண்டு ஓட்டினேன். என் முதுகுக்குப் பின்னால் ஆலையே கூடி நின்றது.

"வேகமா ஓட்டுய்யா!"

"வயசான ஆள்ட்ட குடுத்தா இப்பிடித்தான். மிஷின இங்க குடுய்யா!"

"இங்க ஒருத்தன் சாகக் கெடக்கான், நீ தண்ணி ஊத்தி வெளாடுறியா?"

தகட்டுக்கு அந்தப் பக்கம் செல்லப்பாண்டியின் குரல் கேட்டது. இரும்புத் தொட்டிக்குள் பேசினால் தகடு முழுக்க அதிரும். என் கைக்குள்ளே மிஷின் அதிர்வும் அவன் குரலும் ஒன்றாக வந்தன. "சோணை... சோணை..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், என் விரல் ஸ்விட்சை முழுசாக அழுத்தத் துடித்தது. அழுத்தவில்லை.

வில்லை கழன்றது. கிண்ணத்தை உருவியதும் நெல் பீறிட்டு வந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. யாரோ "ஆத்தா, காப்பாத்திட்டே!" என்றார்கள். நான் சாக்கைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தேன். அவ்வளவுதான், கூட்டத்தில் ஒருத்தன் என் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"யோவ், ஒனக்கு மண்டை கிண்டை கொழம்பிப் போச்சா? போட்ட ஓட்டைய நீயே அடைக்கிற?"

காதர் அவன் கையைத் தட்டிவிட்டார். நான் சோணையைத்தான் தேடினேன். அவன் தகட்டில் காதை ஒட்டவைத்து நின்றிருந்தான். அவன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"சோணை, இங்க பாரு. இந்த ஒரு ஓட்டைய மட்டும் தொறந்தா, நெல்லு பூராம் இந்தப் பக்கம் ஓடியாரும். ஒங்கண்ணனையும் இழுத்துக்கிட்டு வரும். நாலையும் ஒண்ணாத் தொறந்தா அவன் நின்ன எடத்துலயே நிப்பான். அதுவரைக்கும் இந்தச் சாக்கத் தொடக் கூடாது. புரியுதா?"

"புரியுதுண்ணே."

"என்ன புரிஞ்சுச்சு? சொல்லு."

"நீங்க சொல்றவரைக்கும் தொடக் கூடாது. தொட்டா அண்ணன் உள்ள போயிருவான்."

"அப்ப இந்தச் சாக்குக்கு நீதான் காவல். ஒருத்தனையும் கிட்ட விடாத."

அவன் தலையாட்டிவிட்டு, சாக்கின் மேல் தன் முதுகைச் சாய்த்து நின்றான். என் சட்டையைப் பிடித்தவன் அந்த முதுகைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனான்.

மிஷினைத் தூக்கிக்கொண்டு அடுத்த பக்கம் போகும்போது காதர் மெதுவாகச் சொன்னார்: "மேஸ்திரி, சொந்தக்காரன அங்க நிறுத்தாத."

"வேற யாரப்பா நிறுத்தச் சொல்ற? மத்தவன் எவன் நின்னாலும் கூட்டம் அடிச்சுப் பிடுங்கிரும்."

அவர் சோப்புத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். உண்மையிலேயே வேறு ஆள் இல்லை. உருப்படியான ஆட்கள் எல்லோரும் மேலே இருந்தார்கள். அதற்குள் தீயணைப்பு ஆட்களும் வந்து மேலே ஏறிவிட்டார்கள். செல்லப்பாண்டியைச் சுற்றிப் பலகையை நெல்லுக்குள் இறக்கி, ஒரு தடுப்பு கட்டப் பார்த்தார்கள். நான் செய்வது சரிதான், கீழே எதையும் தனியாகத் திறந்துவிடாதீர்கள் என்று அவர்களும் மேலிருந்து கத்தினார்கள். அந்த நிமிஷம் எனக்கு ஒரு தெம்பு வந்தது. பிழைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

இரண்டாவது ஓட்டையில் பல் ஒரு தடவை சிக்கியது. மிஷின் திரும்பி, அதன் கைப்பிடி காதரின் விலாவில் இடித்தது. மனுஷன் "யா அல்லா" என்றாரே தவிர, சோப்புத் தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. பல் பிழைத்தது. அறுத்து, அடைத்து, மூன்றாவதுக்குப் போனோம். அது வாசலுக்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கிருந்து சோணை நின்ற இடம் எங்கள் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது பாதி அறுந்திருக்கும். மிஷின் இரைச்சலுக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு நெல் கொட்டுகிற சத்தத்தை யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. மிஷினைத் தகட்டிலேயே தொங்கவிட்டுவிட்டு ஓடினேன்.

சோணை மண்டி போட்டிருந்தான். சாக்கு அவன் பின்னால் கிடந்தது. ஓட்டையிலிருந்து நெல் அவன் மடியிலும் முகத்திலும் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் ஓட்டைக்குள் விட்டு வாரிக்கொண்டிருந்தான். கூட்டத்தில் பாதிப் பேர் "அப்பிடித்தான், அள்ளு அள்ளு!" என்று கத்தினார்கள். நான் அவன் பின்கழுத்தைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். நானும் காதரும் சாக்கைத் திணித்தோம். நெல்லின் வேகத்தில் அது உள்ளே போகாமல் எதிர்த்தது. தோளால் முட்டித்தான் அடைத்தோம்.

அடைத்த பிறகுதான் மேலேயிருந்து சத்தம் வந்தது. "ஆளக் காணோம்! ஆளக் காணோம்!"

பலகை எல்லாம் சரிந்துபோயிருந்தது என்று பிறகு சொன்னார்கள். எதிர்ப்பக்கத்து நெல் மொத்தமும் வழுக்கி வந்து அவன் தலைக்கு மேல் மூடியிருந்தது. நான் எது நடக்கும் என்று சோணைக்குச் சொன்னேனோ அதுவேதான் நடந்தது.

நாங்கள் திரும்பப் போய் மூன்றாவதை அறுத்து முடித்தோம். நாலாவதையும் அறுத்தோம். அதே நிதானத்தில், அதே சோப்புத் தண்ணீரோடு. இப்போது யாரும் வேகமாக ஓட்டச் சொல்லவில்லை. வேகமாக ஓட்டினால் பல் போய்விடும் என்பது அப்போதும் மாறவில்லையே, என்ன செய்ய? தம்பிகளா, என் வாழ்க்கையில் எத்தனையோ ஓட்டை போட்டிருக்கிறேன். அந்த நாலாவது ஓட்டையைப் போல ஒன்றை நீங்கள் யாரும் போட வேண்டி வரக் கூடாது.

நாலு சாக்கையும் ஒன்றாக உருவினோம். நெல் சமமாக இறங்கியது. ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. மேலேயிருந்து பார்த்த தீயணைப்பு ஆள் ஒருவர், "தட்டு மாதிரி எறங்குதுண்ணே" என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. செல்லப்பாண்டி நின்றபடியே இருந்தான். முகத்தை மறைக்கத் தூக்கிய கை அப்படியே இருந்தது. சோணை கீழே கொட்டிக் கிடந்த நெல்மேல் உட்கார்ந்திருந்தான். அண்ணனை இறக்கிக்கொண்டு வந்தபோதும் எழுந்திருக்கவில்லை.

ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள். கேஸ் வைத்து வெட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்றார்கள். கிழவன் ஓட்டையைப் போட்டுப் போட்டு அடைத்தே ஆளைக் கொன்றுவிட்டான் என்றார்கள். திருகு ஓடும்போது ஆளை இறங்கவிட்டது யார் என்று மட்டும் யாரும் பேசவில்லை. அந்த ஆலையில் இப்போதும் அப்படித்தான் இறங்குகிறார்கள் என்று கேள்வி. பேசியவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. யாருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இங்கே நீங்கள் ஒரு பாடம் எதிர்பார்ப்பீர்கள். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: சொந்தக்காரனைக் கிட்ட நிறுத்தாதே, காதர் சொன்னதுதான். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கு நீங்கள் அப்படி ஒரு இடத்தில் நிற்கும்போது, அங்கே சொந்தக்காரனைத் தவிர வேறு ஆளே இருக்க மாட்டான். பதறாமல் இருங்கள் என்று நாங்கள் வாய்கிழியச் சொல்லித் தருகிறோம். உள்ளே கிடப்பவன் யாரோ ஒருவனாக இருந்ததால்தான் என்னால் பதறாமல் இருக்க முடிந்தது. அந்தக் குரல் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. யோசிக்கவும் பயமாக இருக்கிறது.

கருமாதிக்குச் சொல்ல சோணை பட்டறைக்கு வந்தான். மொட்டைத் தலை. அண்ணன் பிள்ளை ரொம்பச் சின்னது என்பதால் இவன்தான் கொள்ளி வைத்திருந்தான். காதர் டீ வாங்கப் போனார். நாற்காலியைக் காட்டினேன், அவன் உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். நான் சாக்க உருவாம இருந்திருந்தா அவன் இருந்திருப்பானா?"

இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று தெரிந்து, பதிலைத் தயார் செய்துதான் வைத்திருந்தேன். அவன் இன்னும் வாழ வேண்டிய பையன். எனக்கு ஒரு பொய்யில் என்ன குறைந்துவிடப் போகிறது?

"இல்லப்பா. நீ உருவுறதுக்கு முந்தியே அவனுக்கு மூச்சு நின்னுபோச்சு. மேல இருந்தவங்களே சொன்னாங்க. நீ உருவுனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மனசப் போட்டு ஒழப்பிக்கிறாத."

அவன் என்னையே பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. ரொம்பப் பொறுமையாகத்தான் சொன்னான்.

"நான் உருவுனப்பொறகு பேசுனான்ணே. 'வேணாம்டா சோணை, அடைடா'ன்னான். தகட்டுல காத வச்சிருந்தேன்ல, எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. எல்லாரும் நான் நெல்ல அள்ளுனேன்னு சொல்றாய்ங்க. அள்ளலண்ணே. கைய விட்டு அடைக்கத்தான் பாத்தேன். நெல்லு நிக்கல."

காதர் டீயோடு வாசலில் வந்து நின்றார். சோணை ஒரு டீயை வாங்கிக் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்தான்.

"கருமாதிக்கு மறக்காம வந்துருங்கண்ணே" என்றான்.

"வாரேன்ப்பா" என்றேன். போகவில்லை.